சுங்குடி விற்கும் வீட்டுக் கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸ்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

மதுரையில் வீட்டின் முன்னறையில் வைத்துச் சுங்குடிச் சேலை விற்கிறேன். கண்காட்சி ஸ்டால், தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் என்று போய்க்கொண்டிருந்த வியாபாரம் 2020 ஊரடங்கில் மொத்தமாக ஃபோனுக்குள் வந்துவிட்டது. அன்றிலிருந்து வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப் செயலியான வாட்ஸ்அப் பிசினஸ்தான் என் கடை. பக்கத்திலேயே ஒரு ஃபேஸ்புக் பக்கம், ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் "எதில் போட்டால் விற்கும்?" என்று கேட்கிறார்கள். எதில் போட்டாலும் கொஞ்சம் விற்கும். வாங்கியவர் திரும்பி வருவாரா என்பதுதான் எனக்கு முக்கியம், அதை வைத்தே எழுதுகிறேன். இதை எழுத யாரும் காசு தரவில்லை.

முதலில் தளங்களின் நிலைமை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முதலிடம் என்று மாற்றியபோது வியாபாரப் பக்கங்கள் காசு கொடுக்காமல் போய்ச் சேரும் தூரம் சுருங்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் ஆயிரக்கணக்கில் ஃபாலோயர் சேர்த்து வைத்திருந்த சேலைக்காரர்களுக்கு அத்தனையும் ஒரே நாளில் போயிற்று. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது, எல்லாரும் அங்கே ஓடினார்கள். 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கிக் கிடந்தன. இதையெல்லாம் பார்த்த பிறகு ஃபாலோயர் எண்ணிக்கையைச் சொத்துக் கணக்கில் சேர்ப்பதை விட்டுவிட்டேன். வாடிக்கையாளரின் பெயர், ஊர், எண், அவர் வாங்கிய கலர் ஆகியவற்றை ஒரு நீளக் கணக்கு நோட்டில் எழுதி வருகிறேன். நாளைக்கு எந்தச் செயலி மூடினாலும் நோட்டு இருக்கும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பலரும் குறை சொல்லும் விஷயம் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி. ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கலாம். அதிலும் நம் எண்ணைத் தன் ஃபோனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். "இது என்னங்க, கையைக் கட்டிப்போட்ட மாதிரி" என்று சக வியாபாரிகள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு இந்தச் செயலியில் பிடித்ததே அதுதான். எண்ணைச் சேமிப்பது என்றால் அவர் ஒரு சம்மதம் தருகிறார் என்று அர்த்தம். அதனால் பார்சலில் ஒரு சின்னத் துண்டுச்சீட்டு வைக்கிறேன்: "புதுச் சேலை வரும்போது தெரிய வேண்டுமானால் இந்த எண்ணைச் சேமித்து 'சரி' என்று அனுப்புங்கள். வேண்டாம் என்றால் 'போதும்' என்று ஒரு வார்த்தை." 'போதும்' என்று வந்தால் அவர் பெயருக்குச் செயலியில் போட்டுவைத்த அடையாளக் குறியான லேபிளை மாற்றிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன், ஏன் என்று கேட்க மாட்டேன். அப்படிப் போனவர்களில் சிலர் தீபாவளிக்குத் தாங்களாகவே வந்து கேட்டதுண்டு.

இதற்கு நேர் எதிரான வழியும் சந்தையில் விலைக்குக் கிடைக்கிறது. மொத்தமாக மெசேஜ் அனுப்பித் தருகிற ஒரு நிறுவனத்திலிருந்து ஒருவர் பேசினார். "மதுரை, திருநெல்வேலி லேடீஸ், முப்பதிலிருந்து ஐம்பது வயசு, டேட்டா ரெடியா இருக்கு மேடம்." அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். "அதை நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். அதோடு பேச்சை முடித்துக்கொண்டேன். அந்த டேட்டாவில் என் எண்ணும் எங்கேயோ இருக்கத்தான் செய்யும். இல்லாவிட்டால் வாரம் தவறாமல் மனை விற்பனை மெசேஜ் எப்படி வரும்? நியாயத்தை விடுங்கள், காரியமாகப் பார்த்தாலும் இது ஆபத்து. முன்பின் தெரியாதவர்கள் நம்மை பிளாக் செய்து ரிப்போர்ட் அடித்தால் எண்ணே முடங்கலாம். இந்தியாவில் மாதாமாதம் பல லட்சம் கணக்குகளை முடக்குவதாக வாட்ஸ்அப்பே அறிக்கை வெளியிடுகிறது. சட்டமும் வந்துகொண்டிருக்கிறது. தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முழுமையாக நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் இருக்கிறது.

குரூப் பற்றி ஒரு எச்சரிக்கை. "சேலை கலெக்‌ஷன் 7" என்பது போன்ற குரூப்களில் சேர்ந்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இருக்கும் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் நிறைந்த குரூப்பில் யாரோ ஒருவன் நுழைந்து ராத்திரி பதினோரு மணிக்கு ஒவ்வொருவருக்காக "ஹாய்" அனுப்புவான். போட்டிக் கடைக்காரர் நுழைந்து மொத்தப் பட்டியலையும் அள்ளிக்கொண்டு போவார். என் வாடிக்கையாளர் என்னை நம்பித் தந்த எண்ணை நான் ஊருக்கே திறந்து வைக்க முடியாது. அதனால் குரூப் வைக்கவே இல்லை. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. கூட்டமாகப் படம் காட்ட அது போதும். ஆனால் சேனலில் பேச்சு வார்த்தை கிடையாது. சேலை விற்பது பாதிக்கு மேல் பேச்சுதான், ஆகவே விற்பனை கடைசியில் தனி மெசேஜில்தான் முடிகிறது.

இனி படம். சுங்குடியில் அரக்கு, கத்தரிப்பூ, மயில்கழுத்து மூன்றும் ஃபோன் கேமராவுக்குப் பிடிபடாத கலர்கள். அரக்குச் சேலையை ட்யூப்லைட்டில் எடுத்தால் காப்பிக்கொட்டை நிறத்தில் வரும், நேர் வெயிலில் எடுத்தால் சிவப்பாகப் பளபளக்கும். கத்தரிப்பூ நீலமாகவே விழும். ஃபில்டர் போட்டால் எதையும் அழகாக்கலாம், ஆர்டரும் வரும். பார்சல் பிரித்ததும் முகம் சுருங்கும், அவ்வளவுதான். காலை ஒன்பது மணி வாக்கில் திண்ணையில் நிழல் இருக்கும். அங்கே ஒரு படம், அறைக்குள் விளக்கில் ஒரு படம், முந்தானை தனியாக ஒரு படம். கூடவே ஒரு வெள்ளைக் கைக்குட்டையையும் ஓரமாக வைத்து எடுப்பேன். கைக்குட்டை வெள்ளையாகத் தெரிந்தால் சேலையின் கலரையும் நம்பலாம். அப்படியும் கேட்பார்கள்: "அக்கா, போட்டோல இருக்கிற அதே கலர்தானே?" "சாயங்கால வெளிச்சத்துல கொஞ்சம் கருத்துத் தெரியும்மா, பகல்ல பார்த்தா இதேதான்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புவேன். முதல் சலவையில் சாயம் கொஞ்சம் இறங்கும், கல் உப்புப் போட்டுத் தனியாக அலச வேண்டும் என்பதையும் விற்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன். இதைக் கேட்டு வேண்டாம் என்று போனவர்கள் உண்டு. வெள்ளைச் சட்டையெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது என்று சண்டைக்கு வந்தவர் யாரும் இல்லை.

சுங்குடி என்ற பெயரிலேயே ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொழில் இது. துணியை நகக்கணுவில் நிமிண்டிப் பிடித்து நூல் சுற்றி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு பிரிப்பார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. இப்போது கடைகளில் சுங்குடி என்று கிடைப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சோ பிரிண்டோதான். அதில் தப்பே இல்லை. விலை குறைவு, உடுத்தவும் சுகம், நானும் அதைத்தான் அதிகம் விற்கிறேன். பிரிண்ட் சேலையின் படத்துக்குக் கீழே "பாரம்பரியக் கைமுடிச்சு" என்று எழுதுவதுதான் அயோக்கியத்தனம். செயலியில் சரக்கைப் படத்தோடு அடுக்கிக் காட்டும் கேட்டலாக்கில் இரண்டையும் தனித்தனித் தொகுப்பாக வைத்திருக்கிறேன். பிரிண்ட் என்றால் தலைப்பிலேயே "அச்சுச் சுங்குடி" என்று இருக்கும். கைமுடிச்சு என்றால் புள்ளியை நெருக்கி எடுத்த படம் ஒன்று இருக்கும். புள்ளிகள் ஒன்று போல இருக்காது, ஓரம் கொஞ்சம் கலைந்திருக்கும், முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாக மேடிட்டிருக்கும். அச்சில் எல்லாப் புள்ளியும் அளந்து வைத்தது போல ஒரே அளவு. இதை ஒரு முறை காட்டிவிட்டால், விலை ஏன் பல மடங்கு என்று யாரும் கேட்பதில்லை.

"இரண்டே பீஸ்தான், சீக்கிரம்!" என்பது இந்தத் தொழிலின் தேசிய கீதம். உண்மையிலேயே இரண்டு இருந்தால் சொல்லலாம். பரணில் கட்டுக் கட்டாக வைத்துக்கொண்டு சொன்னால் அது பொய். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் 13 வகை டார்க் பேட்டர்ன்கள், அதாவது வாங்குபவரை ஏமாற்றி வாங்க வைக்கும் தந்திரங்கள், பட்டியலிடப்பட்டன. பொய்யான அவசரம் காட்டுவது அதில் முதலாவது. பெரிய ஆன்லைன் கடைகளுக்குத்தானே என்று நினைக்க வேண்டாம், விற்பவர், விளம்பரம் செய்பவர் எல்லாருக்கும் அது பொருந்தும். இன்னொரு வழக்கம் "விலைக்கு இன்பாக்ஸ்". விலை மறைந்திருந்தால் ஆளைப் பார்த்துச் சொல்லலாம், அதற்காகத்தான். நான் படத்திலேயே விலையையும் கூரியர் கட்டணத்தையும் எழுதிவிடுகிறேன். ரீசெல்லர்களுக்கு இது பிடிக்காது, அவர்கள் மேலே ஏற்றி விற்க முடியாதே. அவர்களுக்கு விலை இல்லாத படம் தனியாகத் தருகிறேன். நான் நேராக விற்கும் விலை எல்லாருக்கும் ஒன்றுதான்.

இன்ஸ்டாகிராம் பிரபலங்களுக்குச் சேலை அனுப்பி ரீல் போடச் சொல்வது பற்றிக் கேட்கிறார்கள். செய்திருக்கிறேன், ஆர்டரும் வந்தது. வந்தவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. காசு வாங்காமல் இலவசமாகச் சேலை வாங்கிக்கொண்டு பேசினாலும் அதை விளம்பரம் என்று சொல்லியாக வேண்டும் என்பது 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். ஒருவர், "விளம்பரம்னு போட்டா ரீச் விழுந்துடும், நானே கடைக்கு வந்து வாங்கின மாதிரி பேசிடறேன்" என்றார். வேண்டாம் தாயே என்று விட்டுவிட்டேன்.

விமர்சன ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில் நம் ஆட்கள் ரொம்ப அலட்சியம். "சூப்பர் அக்கா, சாரி செம" என்று வந்த மெசேஜை அப்படியே ஸ்டேட்டஸில் போடுகிறார்கள், அனுப்பியவரின் முகமும் எண்ணும் மேலே பளிச்சென்று. அதைவிட மோசம், அன்றைக்கு அனுப்பும் பார்சல்களை அடுக்கி வைத்து எடுக்கிற டிஸ்பாட்ச் போட்டோ. பெரிதாக்கிப் பார்த்தால் வீட்டு எண், தெரு, ஃபோன் நம்பர் எல்லாம் படிக்கலாம். நான் பார்சலைக் கவிழ்த்து வைத்து எடுக்கிறேன், வேலை முடிந்தது. வாடிக்கையாளர் சேலை கட்டி அனுப்பும் படத்தை, போடலாமா என்று கேட்டு, சரி என்று எழுத்தில் வந்த பிறகுதான் போடுவேன். முகத்தை வெட்டிப் போடச் சொல்பவர்களே அதிகம். சேலை தெரிந்தால் எனக்குப் போதும்.

"அன்பாக்சிங் வீடியோ இல்லாமல் புகார் ஏற்கப்படாது" என்ற வரி இல்லாத சேலைக் கடை கிடையாது. ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. போலி ஜிபே ஸ்கிரீன்ஷாட் நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பேரனுக்குப் பரிசாக வந்த பொம்மை போலப் பார்சலை ஆசையாகப் பிரிக்கும் அறுபது வயது அம்மாவிடம், ஒரு கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு பிரியுங்கள் என்று எப்படிச் சொல்வது? அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மடிக்கும் முன் சேலையை முழுதாக விரித்து, நூல் இழுப்பு, கறை, சாயத் திட்டு ஏதும் இல்லை என்று காட்டி வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பிவிட்டுத்தான் பார்சல் போடுகிறேன். சின்னத் திட்டு ஏதாவது இருந்தால் அதையும் காட்டி, விலை குறைத்துத் தரட்டுமா, வேறு மாற்றட்டுமா என்று கேட்பேன். பாதிப் பேர் குறைத்தே தாருங்கள் என்பார்கள்.

காசு கொடுத்துச் செய்யும் விளம்பரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பண்டிகைக்கு முன் வாட்ஸ்அப்புக்கே அழைத்து வரும் விளம்பரம் சின்னத் தொகையில் போடுவேன், மற்ற நாளில் கிடையாது. 2025 ஜூனில் மெட்டா, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களுக்கு நடுவிலும் விளம்பரம் வரும் என்று அறிவித்தது. அக்கா, தங்கை, சித்தி பிள்ளைகளின் படங்களுக்கு இடையில் சேலை விளம்பரம் நுழைவதில் எனக்கு உற்சாகம் இல்லை.

குறைகளும் உண்டு. கேட்டலாக்கில் இருப்புக் கணக்கு கிடையாது. விற்ற சேலையை நாமே தேடி எடுக்க வேண்டும், மறந்தால் விற்றுப்போன சேலைக்குப் பணம் போட்டுவிடுவார்கள். லேபிள்கள் இருபதோடு நின்றுவிடும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறையும், வாங்கலாமா என்று வீட்டில் கேட்டுவிட்டு மறுநாள் வருபவர் படத்தைக் காணாமல் தவிப்பார். ராத்திரி எட்டு மணிக்கு மேல் தானியங்கிப் பதில் வைத்திருக்கிறேன், "காலையில் பேசலாம், சேலை எங்கும் போகாது" என்று. அதைப் படித்துச் சிரிப்புப் பொம்மை அனுப்பிவிட்டு அடுத்த நிமிடமே ஃபோன் செய்பவர்களை எந்தச் செயலியாலும் ஒன்றும் செய்ய முடியாது.