முதல் ஹாட் டாய்ஸ்: பேட்மேனா, அயர்ன் மேனா?

ஹாங்காங் கம்பெனியான ஹாட் டாய்ஸ் சினிமாப் பாத்திரங்களை அச்சு அசலாகச் செய்யும் சேகரிப்புப் பொம்மைகளில், அதாவது ஃபிகர்களில், ஒன்றே ஒன்று வாங்கலாம் என்று இறங்குபவர்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது பெரும்பாலும் இரண்டு பேரிடம்தான். ஒன்று கிறிஸ்டியன் பேல் நடித்த பேட்மேன், இன்னொன்று 2008 படத்தில் மார்க் 3 என்ற சிவப்புக் கவசத்தில் வந்த அயர்ன் மேன். நானும் இந்த இரண்டுக்கும் நடுவில் ரொம்ப நாள் ஊசலாடிவிட்டு டைகாஸ்ட், அதாவது உலோக வார்ப்புப் பாகங்கள் உள்ள மார்க் 3-ஐ எடுத்தேன், எம்எம்எஸ்256 என்று கம்பெனி நம்பர் போட்டு வந்தது. இத்தனைக்கும் எனக்கு அதிகம் பிடித்த படம் பேல் பேட்மேனாக வந்த தி டார்க் நைட்தான். முகச்சாயல், விலை எதுவும் என் முடிவை மாற்றவில்லை. உடம்பின் மேல் என்ன பொருள் போர்த்தியிருக்கிறது என்பதுதான் மாற்றியது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டும் நிஜ ஆள் அளவில் ஆறில் ஒரு பங்கு, உயரம் 30 செ.மீ. அக்கம்பக்கம், ஷோகேஸில் ஒரே இடம்தான் பிடிக்கும். பெயின்ட் வேலையில் இரண்டுமே அருமை. இந்தியாவில் இரண்டுமே கையைக் கடிக்கும். பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது, அதனால் பலரும் இப்போது செகண்ட் ஹேண்ட் பக்கம் போகிறார்கள். மறுவெளியீட்டு பயமும் இரண்டுக்கும் பொது. டிஎக்ஸ்12 என்ற நம்பரில் வந்த பேல் பேட்மேனுக்குப் பிறகு டிஎக்ஸ்19 வந்தது, டைகாஸ்ட் மார்க் 3-க்குப் பிறகு அதன் 2.0 வந்தது. புதுசு வந்தால் பழசுக்கு மவுசு குறையத்தான் செய்யும்.

பேட்மேன் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். டிஎக்ஸ்12-இல் முகமூடிக்குக் கீழே தெரியும் வாய்ப்பகுதியை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம், கருவிழியைத் திருப்பி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பார்க்க வைக்கலாம். கண் லேசாகத் திரும்பினாலே அந்த முகத்துக்கு உயிர் வந்துவிடும். முதுகில் தொங்கும் துணி அங்கியைத் தோளிலிருந்து இறக்கி மடிப்பு சரிசெய்து நிறுத்தினால் சினிமா ஃப்ரேம்தான். மனித முகம் வேண்டும், நடிகரின் சாயல் வேண்டும் என்பவர்களுக்கு ஹெல்மெட் போட்ட அயர்ன் மேனால் அதைக் கொடுக்க முடியாது.

ஆனால் கேள்வி முதல் நாள் எப்படி இருக்கிறது என்பது இல்லை. பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும்? நம் ஊர்க் காற்றில்?

இந்த அளவு ஃபிகர்களில் லெதர் என்று தெரிவது பெரும்பாலும் லெதர் கிடையாது. துணி மேல் பாலியூரித்தேன் பூசியது, நாம் பொதுவாக ரெக்சின் என்று சொல்வோமே, அந்த ரகம். காற்றில் உள்ள ஈரம் அந்தப் பூச்சின் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கும். வேதியியலில் இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் இரண்டுக்கும் பஞ்சமே இல்லை, ஐப்பசி கார்த்திகையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பத்திரமாக எடுத்து வைத்த ஷூவை நாலைந்து வருடம் கழித்துப் போட்டால் அடிப்பாகம் பொலபொலவென்று உதிருமே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது.

நண்பர் ஒருவரிடம் கருப்பு ஜாக்கெட் போட்ட ஃபிகர் ஒன்று இருக்கிறது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது இதே பொருளைத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் குறையே தெரியாது. பக்கத்தில் போனால் முழங்கை மடிப்பில் மயிரிழை மாதிரி விரிசல்கள், கழுத்துப் பட்டையில் லேசான பிசுபிசுப்பு. விரலை வைத்து எடுத்தால் மிளகுத்தூள் அளவில் கருப்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தன, அவை இருந்த இடத்தில் வெள்ளை நூல் தெரிந்தது. வெயில் படாத, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் இருந்த ஃபிகர் அது. உரிய ஆரம்பித்துவிட்டால் ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை, வேறு ஆள் தைத்த ஜாக்கெட் வாங்கி மாட்டலாம், அதோடு ஒரிஜினல் என்ற பேச்சு போய்விடும்.

பேலின் சூட் முழுக்க ரெக்சின் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடியில் துணி, அதன் மேல் வளையக்கூடிய கவசத் துண்டுகள். ஜாக்கெட் அளவுக்கு அது மோசமாகாது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் வளைகிற எந்தப் பொருளுக்கும் வயது உண்டு. மிருதுவான பிவிசி என்றால் உள்ளே கலந்திருக்கும் நெகிழ்ப்பான் வெளியே கசிந்து பிசுபிசுக்கும், பாலியூரித்தேன் என்றால் விரிசல் விடும். முழங்காலை மடக்கிப் பதுங்குகிற மாதிரி மாதக்கணக்கில் நிறுத்தினால் சுருக்கம் விழும் இடத்தில்தான் முதலில் ஆரம்பிக்கும். அதனால் பலர் பேட்மேனை நேராகவே நிறுத்திவைக்கிறார்கள். சிலர் பெட்டியையே திறப்பதில்லை. அதனால் காற்று உள்ளே போகாமல் இருக்கப்போவதில்லை. பிரிக்காத பெட்டி என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குபவருக்கு உள்ளே முழங்கால் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியவே தெரியாது.

மார்க் 3-இல் இந்தக் கவலை பெரும்பாலும் கிடையாது. ஏபிஎஸ் பிளாஸ்டிக், உலோக வார்ப்பு, அதன் மேல் பெயின்ட், அவ்வளவுதான். கையில் எடுத்தவுடன் கனம் தெரியும், விரல் பட்டால் மார்புத் தகடு சில்லென்று இருக்கும். முதுகில் இருக்கும் சின்ன மடல்களை நகத்தால் ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டு, கண், மார்பு, உள்ளங்கை விளக்குகளைப் போட்டு அறையின் லைட்டை அணைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். பராமரிப்பு என்றால் வாரம் ஒரு முறை மெல்லிய மேக்கப் பிரஷ்ஷால் தட்டினால் போதும். சிவப்புப் பளபளப்பில் கைரேகை நன்றாகவே தெரியும், துடைக்க மைக்ரோஃபைபர் துணி, ஸ்பிரிட் கிட்டேயே வரக்கூடாது.

இதிலும் தொல்லை உண்டு. கனம் அதிகம் என்பதால் ஒற்றைக்காலில் நிறுத்தி ஸ்டாண்ட் இல்லாமல் விடாதீர்கள். டைகாஸ்ட் ஃபிகர் எதுவானாலும் இடுப்பு, தோள் மூட்டில் தகடு தகட்டோடு உரசினால் பெயின்ட் பெயரும், அந்தப் பகுதியை மெதுவாகத்தான் திருப்ப வேண்டும். தோளும் முழங்கையும் பேட்மேன் அளவுக்கு வளையாது. எல்லாவற்றையும் விட முக்கியம், காட்டி முடித்தவுடன் பட்டன் செல்லைக் கழற்றிவிடுங்கள். அல்கலைன் செல் உள்ளேயே கிடந்து கசிந்தால் செம்புத் தகடு பச்சை பூத்து விளக்கு போய்விடும். ஆனால் இது நம் கையில் இருக்கிற விஷயம். ரெக்சின் உரிவது நம் கையில் இல்லை, சிலிகா ஜெல் வைத்துத் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது.

2.0-ஐ நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை, அதனால் மேலே சொன்னது பழைய டைகாஸ்ட்டை வைத்துத்தான். புது பேட்மேன் சூட்களில் நல்ல பொருள் போட்டிருந்தாலும் அது வருடங்கள் போனால்தான் தெரியும். இடம் குறைவு, அடிக்கடி போஸ் மாற்றி விளையாட வேண்டும் என்றால் ஜப்பான் கம்பெனி பாண்டாயின் எஸ்.ஹெச்.ஃபிகுஆர்ட்ஸ் என்ற சின்ன ஃபிகர் வரிசையில் மார்க் 3 இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கும், விளக்கு கிடையாது.

இல்லை, பேட்மேன்தான் வேண்டும் என்று மனசு பிடிவாதம் பிடித்தால் வாங்குங்கள், தப்பே இல்லை. செகண்ட் ஹேண்டில் எடுப்பதானால் பெட்டிப் படத்தை நம்பாமல் முழங்கால், முழங்கை, அக்குள், கழுத்து நான்கையும் பகல் வெளிச்சத்தில் புதிதாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிற ஆளிடம் வாங்க வேண்டாம்.