மூன்று தந்திக் கிட்டாருக்கு அடிக்குரல்: பாஸ் ஓசி-5 ஆக்டேவ் பெடல்

சுருட்டுப் பெட்டியில் கழுத்துக் கட்டையைச் செருகி மூன்று தந்தி பூட்டிய கிட்டார், அமெரிக்கத் தென் மாநிலங்களின் ப்ளூஸ் இசையோடு ஒட்டி வளர்ந்த வாத்தியம். அதற்குள் ஒரு பீசோ வில்லையை (அதிர்வை மின்சைகையாக்கும் தகடு) ஒட்டி நேராக ஆம்பில் (ஒலிபெருக்கியில்) செருகினால் சத்தம் மெலிந்து, மூக்கால் பேசுவது போல் வரும். பெட்டி சின்னது, பலகை மெல்லியது. கீழ் சுரங்கள் அதில் எழும்புவதில்லை. உடனே எல்லோரும் தேடுவது டிஸ்டார்ஷன் பெடல், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் கால்விசைப் பெட்டி. அது இரைச்சலைத்தான் கூட்டும். முதலில் வாங்க வேண்டியது, வாசிக்கும் சுரத்தோடு அதன் கீழ் அல்லது மேல் ஸ்தாயியையும் சேர்க்கும் ஆக்டேவ் பெடல். பாஸ் (Boss) நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த ஓசி-5 இந்த வாத்தியத்துக்கென்றே செய்தது போல் பொருந்துகிறது.

காரணம், அதிலுள்ள ‘ரேஞ்ச்’ குமிழ். இந்தக் கிட்டாருக்கு வழக்கமான சுருதி ஜி-டி-ஜி, அதாவது நம் கணக்கில் ச-ப-ச. அடித்தந்தி 98 ஹெர்ட்ஸ், நடுத்தந்தி 147, மேல் தந்தி 196. பெடலைப் ‘பாலி’ (பல சுரங்களை ஒருங்கே கையாளும்) முறையில் வைத்து, ரேஞ்ச் குமிழை ‘லோயஸ்ட்’ என்று குறித்த முனைக்குத் திருப்புங்கள். ஒலிக்கும் சுரங்களில் ஆகக் கீழானதற்கு மட்டும் ஒரு ஸ்தாயி இறங்கிய துணைக்குரல் சேரும். கட்டைவிரல் அடித்தந்தியை மீட்டிக்கொண்டிருக்க மேல் தந்தியில் ஸ்லைடு (விரலில் மாட்டும் குழாய்) ஓட்டினால், பக்கத்தில் ஒருவர் பேஸ் கிட்டார் வாசிப்பது போலிருக்கும். மெட்டு கலங்காது. குமிழ்களை இப்படித் தொடங்கலாம்: ‘டைரக்ட் லெவல்’ (கிட்டாரின் சொந்த ஒலி) நடுவில், ‘-1 ஆக்ட்’ நடுவுக்குச் சற்றுக் கீழே, ‘+1 ஆக்ட்’ சுழியத்தில். பீசோவில் ஏற்கெனவே உச்சம் தூக்கல், அதன்மேல் மேல் ஸ்தாயியும் சேர்ந்தால் காது கூசும்.

‘விண்டேஜ்’ முறை அதே நிறுவனத்தின் பழைய ஓசி-2 பெடல் போல ஒற்றைச் சுரத்தை மட்டும் பின்தொடரும். தனித்தந்தி ரிஃப்புக்கு (திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டுக்கு) அதன் தடித்த, கரகரப்பான ஒலி அருமை. இரண்டு தந்தி சேர்ந்து அதிர்ந்தால் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் தடுமாறும். வாசிக்காத தந்திகளைக் கைவிளிம்பால் அமுக்கிப் பழகியவர்களுக்கே அது சரிவரும்.

தடுமாற்றத்துக்குப் பெடலை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆறு தந்தி செட்டின் ஐந்தாம் தந்தியை ஒரு முழுச் சுரம் இறக்கித்தான் பலர் அடித்தந்தியாகப் போடுகிறார்கள். தொய்வான தந்தியை ஓங்கி மீட்டினால் சுருதி முதலில் ஏறிப் பிறகு இறங்கும். துணைக்குரலும் கூடவே நெளியும். ஒரு படி தடித்த தந்தி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னொன்று, தட்டல். மூடியில் விரல் பட்டாலே பீசோ அதை எடுத்துக்கொடுக்க, பெடல் அதையும் சுரமென்று எண்ணிப் ‘புர்ர்’ என்று உறுமும். வில்லையை மூடியில் நேராக ஒட்டாமல், ஒரு பக்கம் மெல்லிய கார்க், மறுபக்கம் ஃபோம் வைத்து ஒட்டினால் தட்டல் அடங்கும், தந்தியின் ஒலி தங்கும்.

பெடல்களின் வரிசையில் ஓசி-5 முன்னால் நிற்க வேண்டும். 27 மி.மீ. பீசோ வில்லையின் மின்தேக்கம் ஏறக்குறைய 20 நானோஃபாரட். உள்ளீட்டு மின்தடை 1 மெகாஓம் உள்ள பெடலில் செருகினால் அடி ஒலி 8 ஹெர்ட்ஸ் வரை கழியாது. அந்தத் தடை 10 கிலோஓம் அளவே உள்ள ஃபஸ் ஃபேஸ் வகை டிஸ்டார்ஷன் பெடலில் முதலில் செருகினால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயத் தொடங்கும். ‘பீசோ என்றாலே மெலிசுதான்’ என்ற புகாரில் பாதி இப்படித்தான் வருகிறது. பாஸ் பெடல்களில் அணைத்திருக்கும்போதும் பஃபர் (சைகையை வலுக்குறையாமல் கடத்தும் சுற்று) வேலை செய்வதால், ஓசி-5 முன்னால் இருந்தாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அடுத்து ஓவர்டிரைவ், அதாவது மிதமான கரகரப்பு தரும் பெடல். டியூப் ஸ்க்ரீமர் நல்ல பெடல்தான், ஆனால் அதன் சுற்று 720 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைக் குறைவாகவே பெருக்கும். டிரைவைக் கூட்டக் கூட்ட நடு ஒலி முந்தி, சேர்த்த கனம் பின்தங்கிவிடும். டிரைவைக் கால்வாசிக்குமேல் ஏற்ற வேண்டாம். கனம்தான் குறியென்றால் பிக் மஃப் என்ற ஃபஸ் பெடல். அது நடு ஒலியைக் குடைந்து அடியை விரிக்கும். பெட்டியின் மூக்கொலிக்கும் அதே மருந்து. பெருக்கம் கூடியதும் வெற்றுப்பெட்டி ஊளையிடும், ஆகவே உள்ளே ஸ்பாஞ்ச் அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஜிஇ-7 ஈக்வலைசர் (அதிர்வெண்வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் பெடல்) கையிலிருந்தால் 800 ஹெர்ட்ஸை 4-5 டெசிபெல் இறக்குங்கள், 6.4 கிலோஹெர்ட்ஸை இன்னும் கொஞ்சம். எதையும் ஏற்ற வேண்டாம், இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

கடைசியில் 100 மில்லிசெகண்ட் டிலே, ஒரே ஒரு எதிரொலி. இரண்டு கிட்டார் போலக் கேட்கும்.

இவ்வளவும் செய்த பிறகு ஆம்ப் கைவிடலாம். 98-இன் கீழ் ஸ்தாயி 49 ஹெர்ட்ஸ். வீட்டு ஆம்பின் 8 அங்குல ஸ்பீக்கர் அதைத் தராது, குழப்பமான முனகல்தான் வரும். ‘டைரக்ட் அவுட்’டைக் கிட்டார் ஆம்புக்கும், டைரக்ட் லெவலைச் சுழியமாக்கி ‘அவுட்புட்’டைப் பேஸ் ஆம்புக்கும் கொடுத்தால் பெடலின் முழு வலு தெரியும். பேஸ் ஆம்ப் கிடைக்காதவர்கள் -1 குமிழைக் கால்வாசியில் நிறுத்துவது நல்லது.

விலை, பெட்டிக் கிட்டாருக்கு ஆகும் மொத்தச் செலவைவிடப் பல மடங்கு. அடித்தந்தி மீட்டாமல் ஸ்லைடு மட்டும் வாசிப்பவருக்கு அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை. மின்சாரம் 9 வோல்ட், நடுமுனை எதிர்மின். பேட்டரியில் ஓட்டுவதானால் வாசித்து முடித்ததும் உள்ளீட்டுக் கேபிளை உருவிவிடுங்கள். செருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.