சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பா, நால்வர் புராஜெக்டா, லேப் ஜோடியா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்குப் பேசவும் சேர்ந்து வேலை செய்யவும் கற்றுத்தர வேலூர் வட்டாரக் கல்லூரி ஒன்று நினைத்தால், கைக்கெட்டும் வழிகள் இந்த மூன்றுதான்.

சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பு டைம்டேபிளில் சுலபமாக நுழைந்துவிடும். சுய அறிமுகம், குரூப் டிஸ்கஷன், மாதிரி இன்டர்வியூ. பிளேஸ்மென்டுக்கு உதவும், அவ்வளவுதான். அங்கே பேசும் தலைப்புக்கும் லேபில் எழுதும் புரோகிராம் கோடுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குடியாத்தத்திலோ அணைக்கட்டிலோ தமிழ் வழியில் படித்து வந்தவர் ஆங்கிலத்துக்குப் பயந்து வாயே திறக்கமாட்டார். உடனே ‘கம்யூனிகேஷன் வீக்’ என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

நால்வர் புராஜெக்ட், நிஜமான தேவை உள்ள ஒருவரிடம் போனால்தான் பலன் தரும். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை சூப்பர்வைசரிடம் “டேட்டாபேஸ்ல என்னென்ன ஃபீல்டு வேணும் சார்?” என்றால் விழிப்பார். “நேத்து எழுதின நோட்டைக் காட்டுங்க சார்” என்று கேட்டால் சதுர அடி, தரம், ரிஜெக்ட் எல்லாம் தானாக வந்து விழும். ஆனால் பல குழுக்களில் ஒருவர் கோடு, ஒருவர் ரிப்போர்ட், மற்ற இருவர் வைவாவில் தலையாட்டல். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் கமிட் (ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட்) எண்ணிக்கையை மட்டும் பார்த்து மார்க் போட்டால் ஸ்பேஸை மாற்றிக்கூட கமிட் போடுவார்கள். ஒருவர் எழுதிய ஃபங்ஷனை, அதாவது கோடின் ஒரு பகுதியை, இன்னொருவரை விளக்கச் சொல்லுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் லேப் ஜோடி. அதுவும் முதலாண்டிலேயே. இருவருக்கு ஒரே கம்ப்யூட்டர்: ஒருவர் டைப் செய்யும் டிரைவர், மற்றவர் பார்த்து வழி சொல்லும் நேவிகேட்டர். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். நேவிகேட்டர் கீபோர்டைத் தொடக்கூடாது. “அந்த லூப் ஒரு தடவை கம்மியா ஓடுது பாரு” என்று வாயால்தான் சொல்ல வேண்டும். தமிழிலேயே பேசட்டும். கமிட் மெசேஜும், புரோகிராமை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ரீட்மீயும் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். நன்றாக கோடிங் வருபவரையும் தடுமாறுபவரையும் ஜோடியாக்கினால் கீபோர்டு ஒரே கையில் தங்கிவிடும். ஏறக்குறைய ஒரே தரத்தில் உள்ளவர்களைச் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்றுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் ரீட்மீ சோதனை. பக்கத்து ஜோடி அதைப் படித்து புரோகிராமை ஓட்ட வேண்டும், எழுதியவர்கள் மூச்சுவிடக்கூடாது. ‘முதலில் டேட்டாபேஸில் டேபிளை உருவாக்கு’ என்ற ஒரு வரி விட்டுப்போனதால் எரர் வந்து நிற்கும்போது, எதை எழுத வேண்டும் என்பது யாரும் பாடம் நடத்தாமலே புரியும்.

ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஒருவர் மிஞ்சினால் தனியே விடாமல் ஏதாவதொரு ஜோடியில் சேர்த்துவிடுங்கள். மூன்றாமவர், புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் கேஸ் எழுதட்டும்.