தேவகோட்டைப் பட்டறையில் செய்த நங்கூரம்: பத்து மாதம் தொண்டிக் கடலில் போட்ட பிறகு

தேவகோட்டையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கிய 6 கிலோ நங்கூரத்தைப் பற்றியது இது. படகு 18 அடி பைபர் பாய்ப்படகு, தொண்டியில் நிற்கிறது. செட்டிநாட்டில் இருந்துகொண்டு பாய்ப்படகா என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். திருவாடானை வழியாகப் போனால் தொண்டி ஒரு மணி நேரம்தான், அதோடு பர்மாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிப் போன ஊர்க்காரர்களுக்குக் கடல் எப்போதும் பக்கத்தில்தான் இருந்தது.

முதலில் வெளியூர்க் கடை ஒன்றில் நான்கு கை மடங்குகிற நங்கூரம் ஒன்று வாங்கினேன், கூடவே ஒரு கட்டு பிளாஸ்டிக் கயிறும் கொடுத்தார்கள். கடல் தரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வருஷம் கச்சான் காலத்தில், அதாவது மேல்காற்று வீசுகிற மாதங்களில், ஒரு மதியம் இரண்டு மீட்டர் தண்ணீரில் அதைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்தால் கரையில் நேராக இருந்த மினாரா ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. பின்னால் நின்ற வல்லத்தில் இருந்த பெரியவர், "தம்பி, நங்கூரம் இழுத்துக்கிட்டு வருது, கயிறு விடுங்க, கயிறு விடுங்க!" என்று கத்தினார். விட்டேன், நிற்கவில்லை. மேலே இழுத்தால் நான்கு கைகளிலும் கொஞ்சம் புல், அவ்வளவுதான். கயிறோ தண்ணீரில் மிதந்து பக்கத்துப் படகின் இஞ்சின் விசிறிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்த வகை நங்கூரம் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளத்தான் லாயக்கு, நம் பக்கம் முழுக்கச் சேறும் மணலும்.

அதன் பிறகுதான் பட்டறைக்குப் போனேன். நான் கேட்டது டான்ஃபோர்த் வகை. நீளமான ஒரு தண்டு, அதன் அடியில் இரண்டு தட்டையான தகடுகள், இரண்டு பக்கமும் சாய்கிற மாதிரி ஒரு கீல். இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையிறக்கும் படகுகளில் புழங்கிய நங்கூரம் இது. எடை குறைவு, ஆனால் மணலிலும் இறுகிய சேற்றிலும் புதைந்துவிட்டால் பிடி பெரியது. தகடு சாயும் கோணத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மணலுக்கு 32 டிகிரி சரியாக இருக்கும், அதற்கு மேல் விரிந்தால் முனை குத்தாமல் தரையில் வழுக்கிக்கொண்டே வரும். பட்டறை அண்ணன் முதலில் செய்தது கண்ணுக்கே அகலமாகத் தெரிந்தது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, தண்டைப் படுக்க வைத்து, தகட்டைத் தூக்கி அளந்து பார்த்தவர், ஒன்றும் பேசாமல் தடுப்புக் கட்டையை அறுத்துவிட்டு மறுபடி பற்ற வைத்தார். "கலப்பைக் கொழு மாதிரிதானே அண்ணே? ரொம்பத் தூக்குனா மண்ணுக்குள்ள எறங்காது" என்றார். கடலில் படகு ஏறியதே இல்லை என்று சொன்ன மனுஷன்! ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1933-இல் நங்கூரம் செய்தபோது எடுத்துக்கொண்டதும் கலப்பை வடிவத்தைத்தான்.

நங்கூரத்துக்கு 3,200 ரூபாய், துத்தநாக முலாம் வெளியே கொடுத்துப் பூசியது உட்பட. 8 மி.மீ. ஜி.ஐ. (முலாம் பூசிய இரும்பு) சங்கிலி 5 மீட்டரும் 12 மி.மீ. நைலான் கயிறு 40 மீட்டரும் தனியாக வாங்கினேன். சங்கிலியை மிச்சம் பிடிக்காதீர்கள். அது தரையோடு கிடந்து தண்டைப் படுக்க வைக்கிறது, படகு இழுக்கிற இழுப்பு படுத்த வாக்கில் வந்தால்தான் தகடு கீழே போகும், மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். நைலான்தான் வேண்டும் என்றதற்குக் காரணம், அது நீண்டு கொடுத்து அலையின் வெட்டை வாங்கிக்கொள்ளும்.

கயிறு எவ்வளவு விடுவது என்பதில்தான் நிறையப் பேர் தப்பு பண்ணுகிறார்கள், நானும் பண்ணியிருக்கிறேன். தண்ணீர் 2 மீட்டர், கடல் ஏற்றத்துக்கு அரை, அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் அரை, ஆக 3 மீட்டர். இதை ஐந்தால் பெருக்கினால் 15, சங்கிலியையும் சேர்த்து இது அமைதியான பகலுக்கு. ராத்திரி தங்குவதென்றால் ஏழு மடங்கு, 21 மீட்டர். காற்று ஏறினால் இன்னும் விட வேண்டும். நங்கூரத்தைத் தூக்கி எறியாமல் மெல்ல இறக்கி, படகு காற்றில் பின்னால் நகர நகரக் கயிறு கொடுத்து, பாதியில் ஒரு சுற்றுப் போட்டு நிறுத்துவேன். அப்போது கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தரையில் உரசிக்கொண்டு வந்தால் தடதடவென்று ஒரு நடுக்கம் கைக்கு வரும். பிடித்துவிட்டால் நடுக்கம் நின்று, கயிறு மெலிந்து இறுகி, அணியம் மெதுவாகக் காற்றைப் பார்த்துத் திரும்பும். அந்த நடுக்கம் நிற்கிற நொடிக்காகவே இந்த 3,200 ரூபாயைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. அப்புறம் கரையில் முன்னும் பின்னுமாக ஒரு பனையையும் ஒரு விளக்குக் கம்பத்தையும் ஒரே நேரில் பிடித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்ப்பேன். பத்து மாதத்தில், காற்று திரும்பாதவரை, சுத்தமான மணலில் ஒரு தடவைகூட இழுக்கவில்லை.

குறை இருக்கிறது. கடல்புல் மேல் போட்டால் தகடுகளுக்கு நடுவில் புல் அடைத்துக்கொள்கிறது, கீல் அசையாது, பிடிக்காது. புல் மேல் போடவும் கூடாது, பாக் விரிகுடாவின் ஆவுளியாக்கள் (கடல் பசுக்கள்) உயிர் வாழ்வது அந்தப் புல்லைத் தின்றுதான். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு நேரே 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் அவற்றுக்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள், தொண்டி அதற்குத் தெற்கேதான். வெயில் உச்சியில் இருக்கும்போது மேலிருந்து பார்த்தால் மணல் திட்டு வெளுப்பாகத் தெரியும், அதில் போடுங்கள்.

இரண்டாவது குறை, காற்று திரும்பும்போது. கச்சானில் கரைப் பக்கமிருந்து காற்று, தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும், கரையை ஒட்டியே போட ஆசை வரும். ஐப்பசியில் ஒரு ராத்திரி அப்படிப் போட்டுப் படுத்திருந்தேன், மூன்று மணிக்குக் கடல் பக்கமிருந்து வாடை எடுத்துவிட்டது. படகு அரைச் சுற்றுச் சுற்றிக் கரைப் பக்கமாகப் போய் நின்றது. எதிர்ப்பக்கம் இழுத்ததும் நங்கூரம் கழன்று, நாலைந்து மீட்டர் உரசி, மறுபடி பிடித்தது. பிடித்தது என்பது பெரிய விஷயம், ஆனால் அந்த நாலைந்து மீட்டரும் கையைக் கயிற்றில் வைத்துக்கொண்டு நான் மூச்சே விடவில்லை. விட்ட கயிற்றின் நீளத்துக்குக் கரைப் பக்கமும் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் இப்போதெல்லாம் போடுவதில்லை. வாடைக் காலத்தில் ராத்திரித் தங்கல் இல்லை.

பட்டறை வேலையில் ஒரே ஒரு குறை, கீலில் போட்டிருந்த ஊசி மட்டும் முலாம் பூசாதது, நான்காவது மாதம் துரு வந்தது. கொண்டுபோய்க் காட்டினேன், காசு வாங்காமல் துருப்பிடிக்காத எஃகு ஊசி மாற்றிக் கொடுத்தார். சங்கிலி கோக்கிற வளையத்தின் திருகு தானாகக் கழலாமல் இருக்கக் கம்பி சுற்றிக் கட்டிக்கொள்வது நம் வேலை, அதைப் பட்டறையில் செய்ய மாட்டார்கள்.

படகின் நீளத்தையும் நிறுத்தப்போகிற இடத்தின் தரையையும் சொன்னால் பத்து நாளில் செய்து தருகிறார். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போகாதீர்கள், பூட்டியிருக்கும். கோணத்தை உங்கள் கண் முன்னாலேயே அளக்கச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டார். எனக்கு இரண்டாவதாக 8 கிலோவில் ஒன்று சொல்லியிருக்கிறேன், தைக்குள் வந்துவிடும்.