கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, துளை நாரா: கொழும்பில் உணரிக்கு எந்த ஒளிநார்?

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கட்டடத்தின் மேல்தளக் கொங்கிரீட் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று அளக்க ஒளிநார் உணரி பதிக்க வேண்டியிருந்தது. கம்பஸ் ஆய்வு வேலை, பணமும் அளவானது. முன்னால் மூன்று தெரிவுகள் இருந்தன: சிலிக்கா கண்ணாடி நாரில் எழுதிய பிராக் கிரேட்டிங், பி.எம்.எம்.ஏ. பிளாஸ்டிக் நார், உள்ளே காற்றுத் துளைகள் வரிசையாக ஓடும் ஃபோட்டானிக் கிரிஸ்டல் நார். நான் எடுத்தது முதலாவதை. பிராக் கிரேட்டிங் என்பது நாருக்குள் எழுதிய நுண்ணிய கோடுகள்; ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும், நார் இழுபட்டால் அந்த அலைநீளம் நகரும். அதன் பக்கம்தான் சாய்ந்து எழுதப்போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மின்சார ஸ்ட்ரெயின் கேஜை (நீட்சியை மின்சாரத்தால் அளக்கும் வழக்கமான கருவியை) ஏன் விட்டோம் என்பதை அதிகம் விளக்கத் தேவையில்லை. உப்புக் காற்று வயரை அரிக்கும், இடி மின்னல் காலத்தில் அளவுகள் குழம்பும். கண்ணாடிக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. மெல்லியது, பாரமற்றது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பிளாஸ்டிக்கிலிருந்து தொடங்குவோம். 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள சாதாரண பி.எம்.எம்.ஏ. நாரைப் பிளேட்டால் வெட்டிச் சிவப்பு எல்.ஈ.டி. ஒன்றைப் பொருத்தினாலே ஒரு எளிய உணரி தயார். ஏ.எல். மாணவர்களுக்குச் செய்து காட்ட இதைவிட நல்லது கிடையாது. கண்ணாடியைவிடப் பல மடங்கு இழுபடும், வளைத்தாலும் சட்டென்று முறியாது. ஆனால் பி.எம்.எம்.ஏ. தண்ணீரை உறிஞ்சும். அதில் எழுதிய கிரேட்டிங்கின் அலைநீளம் ஈரப்பதனோடு சேர்ந்து நகரும். நம்மூரில் ஈரப்பதன் காலையில் ஒன்று, மழைக்குப் பிறகு வேறொன்று. கொங்கிரீட்டை அளக்கப் போட்ட உணரி வானிலையை அளந்துகொண்டிருக்கும். அதோடு, தொலைத்தொடர்புக் கருவிகள் பயன்படுத்தும் 1550 நானோமீட்டரில் இந்தப் பிளாஸ்டிக் சென்டிமீட்டருக்குச் சென்டிமீட்டர் ஒளியைக் குடித்துவிடும். ஆகவே சில சென்டிமீட்டர் பிளாஸ்டிக்கை மட்டும் வைத்து, மீதியைக் கண்ணாடி நாராகவே கொண்டுபோக வேண்டும். நீரை உறிஞ்சாத டோபாஸ், சைட்டாப் போன்ற பிளாஸ்டிக்குகளும் உண்டு. அவற்றை நான் கட்டுரைகளில் படித்ததோடு சரி.

ஃபோட்டானிக் கிரிஸ்டல் நார் பார்க்கவே ஆசை வரும் பொருள். ஃபிலிப் ரஸ்ஸலும் கூட்டாளிகளும் 1996இல் சௌதாம்ப்டனில் முதலில் செய்து காட்டியது. கண்ணாடிக்குள் தேன்கூடுபோல் துளைகள். துளையின் அளவையும் இடைவெளியையும் மாற்றியே ஒளி போகும் விதத்தை மாற்றலாம். அளவீட்டுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. இருமுறிவு (ஒளியின் இரண்டு அதிர்வுத் திசைகளும் வெவ்வேறு வேகத்தில் போகும் தன்மை) கூடிய வகையில் செய்த நாரை உணரியாக வைத்தால், வெப்பநிலை மாற்றத்தை அது கிட்டத்தட்டப் பொருட்படுத்தாது, விகாரத்தை, அதாவது நீட்சி சுருக்கத்தை, மட்டும் காட்டும். கிரேட்டிங்கின் மிகப் பெரிய குறையை இது தீர்க்கிறது. தாளில் மட்டும் ஒப்பிட்டிருந்தால் இதையே எடுத்திருப்பேன்.

ஆனால் நார் ஒருநாள் அறும். மேல்தளத்தில் யாராவது ஏணியை இழுப்பார்கள், தண்ணீர்த் தாங்கி கழுவ வருபவர் கேபிளை மிதிப்பார், காகம் கொத்தும். அப்போது யார் ஒட்டுவது? என் தெரிவை இந்தக் கேள்விதான் முடிவு செய்தது.

கொழும்பில் வீட்டுக்கு வீடு ஃபைபர் இணைப்பு வந்ததால், ஸ்ப்ளைஸ் மெஷினை (நார் முனைகளை உருக்கி ஒட்டும் கருவியை) தோளில் மாட்டிக்கொண்டு திரியும் டெக்னீஷியன்கள் தாராளம். அவர்கள் கையிலுள்ள மெஷின், நாரை நேராக வெட்டும் கிளீவர், பூச்சை உரிக்கும் ஸ்ட்ரிப்பர், வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ் எல்லாமே 125 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக்காகச் செய்தவை. கிரேட்டிங் எழுதிய நாரும் அதே 125 மைக்ரோமீட்டர்தான். ஜெர்மேனியம் கொஞ்சம் கூடக் கலந்திருக்கும், அவ்வளவே. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு அண்ணையிடம் இது உணரி நார் என்று சொன்னேன். “எனக்கு எல்லாம் ஒண்டுதான் தம்பி” என்றபடி ஸ்பிரிட்டால் துடைத்து, வெட்டி, மெஷினில் வைத்தார். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. திரையில் காட்டிய இழப்பு 0.05 டெசிபெல்லுக்கும் கீழே.

இதையே துளை நாரில் செய்தால், மெஷினின் மின்வில் (முனைகளை உருக்கும் மின்பொறி) சூட்டில் கண்ணாடி இளகித் துளைகள் சரிந்து அடைபடும். ஒளியைப் பிடித்து வைத்திருப்பதே அந்தத் துளைகள்தான், அவை போனால் ஒளியும் சிதறும். மின்னோட்டத்தைக் குறைத்து, நேரத்தைச் சுருக்கி, சூட்டைத் துளை நாரின் மேல் விழவிடாமல் சாதாரண நாரின் பக்கம் தள்ளிக் கொடுத்தால் ஒட்டலாம். ஆய்வுகூடத்தில், ஏ.சி. அறையில், பொறுமையுள்ளவருக்கு அது சாத்தியம். மொட்டை மாடியில், மழை இருட்டும்போது, மெஷினின் தானியங்கி முறையை மட்டும் பழகிய ஒருவரால் முடியாது. வெட்டிய முனையைத் திறந்து வைத்திருந்தால் துளைகளுக்குள் ஈரமும் தூசும் புகும், அதைத் துடைத்து எடுக்கவும் வழியில்லை. பிளாஸ்டிக்கோ ஸ்ப்ளைஸ் மெஷினில் வைத்தால் உருகிவிடும். புறஊதாக் கதிரில் இறுகும் பசையால்தான் கண்ணாடியோடு சேர்க்க வேண்டும். அந்தப் பசை ஒட்டு வெயிலில் எத்தனை காலம் நிற்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது.

கிரேட்டிங் வாங்கும்போதும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேற்பூச்சு இரண்டு வகை. அக்ரிலேட் மென்மையானது, சாதாரண ஸ்ட்ரிப்பரில் உரியும். ஆனால் நாளாக ஆகச் சற்று வழுகிக்கொடுக்கும், விகாரம் முழுதாகக் கண்ணாடிக்குப் போய்ச் சேராது. பாலிஇமைட் இறுக்கமாகப் பிடிக்கும், 300 பாகை செல்சியஸ் வரை தாங்கும், ஆனால் ஸ்ட்ரிப்பருக்கு மசியாது. சூடான கந்தக அமிலமோ தீயோ வேண்டும், இரண்டையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோக முடியாது. எனவே கிரேட்டிங் இருக்கும் சில சென்டிமீட்டருக்கு மட்டும் பாலிஇமைட், இரு பக்க வால்களும் அக்ரிலேட் பூச்சு என்று கேட்டு வாங்கினேன். வாலை நீளமாகக் கேளுங்கள். ஒவ்வொரு ஒட்டும் சில சென்டிமீட்டரைத் தின்றுவிடும். ஒட்டிய இடத்தை ஸ்லீவ் இல்லாமல் விடவும் வேண்டாம். பூச்சுப் போன கண்ணாடியில் ஈரம் பட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் மெல்ல வளரும்.

சரி, கிரேட்டிங்கின் குறை. 1550 நானோமீட்டரில் ஒரு மைக்ரோ விகாரத்துக்கு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்) அலைநீளம் ஏறத்தாழ 1.2 பிக்கோமீட்டர் நகரும். ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 10 பிக்கோமீட்டர். அதாவது மதிய வெயிலில் தளம் 10 பாகை சூடானால், கொங்கிரீட் அசையாமலே இருந்தாலும் 80 மைக்ரோ விகாரம் வந்ததுபோல் தோன்றும். கொங்கிரீட் சூட்டில் தானாக விரிவது இதற்கு மேலே. பக்கத்திலேயே எதிலும் ஒட்டாமல் ஒரு கிரேட்டிங்கைச் சிறு குழாய்க்குள் விட்டு, அதன் நகர்வைக் கழிப்பதுதான் வழக்கமான பரிகாரம். கூடுதல் செலவுதான், கணக்கும் முழுத் துல்லியம் இல்லை. ஒட்ட முடியாத நாரைவிட இது எனக்குச் சுமையாகத் தெரியவில்லை.

உணரிக்குள் ஒளி அனுப்பும் ஒளிமூலத்துக்கும், இங்கே ஒட்ட முடியுமா என்ற அதே அளவுகோலையே வைத்தேன். எர்பியம் கலந்த சிலிக்கா நாரை 980 நானோமீட்டர் டயோட் ஒன்றால் உசுப்பினால் 1550ஐச் சுற்றிய பகுதியில் ஒளி கிடைக்கும். 1987இல் சௌதாம்ப்டனில் டேவிட் பெய்னின் குழு காட்டிய எர்பியம் பெருக்கிதான் கடலடிக் கேபிள்களுக்குள் இன்று இருப்பது, நம் இணையமும் அதன் வழியாகவே வருகிறது. இத்தகைய நார்களைச் செய்யும் ஆய்வகம் பக்கத்து நாட்டில், கொல்கத்தாவின் மத்திய கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்தில் உண்டு. எர்பியம் நாரின் கோர் (ஒளி ஓடும் நடுப்பகுதி) சற்றுச் சிறிது என்பதால் ஒட்டில் இழப்புக் கொஞ்சம் கூடும், மின்வில்லைச் சற்று நீட்டிப் பிடித்தால் குறையும். அதே எர்பியத்தை ஸ்பிளான் (ZBLAN) என்னும் ஃபுளோரைட் கண்ணாடியில் கலந்தால் 2.8 மைக்ரோமீட்டர் லேசர் கிடைக்கும், மருத்துவத்துக்கு அருமையானது. ஆனால் அந்தக் கண்ணாடியை ஈரமே தாக்கும், சிலிக்காவைவிட மிகக் குறைந்த சூட்டில் இளகும். கொழும்பில் அதை ஏ.சி. நிற்காத அறையில் மட்டும் யோசிக்கலாம்.

எங்கள் வேலையில் ஓடுவது மில்லிவாட் ஒளி என்பதால்தான் தெரு டெக்னீஷியனை நம்பலாம் என்கிறேன். உலோகம் வெட்டும் இட்டெர்பியம் ஃபைபர் லேசருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே 1000 வாட் ஓடும் நாரில் ஓர் ஒட்டு 0.1 டெசிபெல் இழந்தாலே 23 வாட் அந்தப் புள்ளியில் வெளியேறிச் சூடாகும், பூச்சு கருகும். இரட்டை உறை நார் என்பதால் தடிப்பும் வேறு, சாதாரண கிளீவரில் சரியாக உட்காராது. புறக்கோட்டையில் அப்படி ஒரு மெஷின் வாங்க நினைப்பவர் நாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். லேசர் பெட்டி பழுதானால் முழுப் பெட்டியையும் மாற்றித் தருவார்களா, அதுவரை வேறொன்று தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.