'ரெட் ஹார்வெஸ்ட்'டா, 'தி கிளாஸ் கீ'யா?

எதைப் படிக்கலாம்? இரண்டுமே டாஷியல் ஹேமெட் எழுதிய துப்பறியும் நாவல்கள். இரண்டிலும் ரவுடிகள் பிடியில் ஓர் அமெரிக்க நகரம்.

ஊழல்: ரெட் ஹார்வெஸ்டில் (1929) சுரங்க வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளி அடியாட்களை இறக்குகிறார், வேலை முடிந்தும் அவர்கள் ஊரைவிட்டு நகரவில்லை. கிளாஸ் கீயில் (1931) தேர்தல் நேரம். செனட்டர் மகன் கொலை, பழி கட்சிப் புள்ளி பால் மாட்விக் மேல்.

நடை: முன்னதில் பெயரில்லாத துப்பறிவாளர் 'நான்' என்று கதை சொல்கிறார். பின்னதில் மாட்விக்கின் நண்பரும் கதாநாயகனுமான நெட் போமாண்டின் மனசுக்குள் ஆசிரியர் நுழைவதே இல்லை. போமாண்ட் மீசையை நீவுவதை வைத்து நாமே ஊகிக்கணும். இதனால் சிலருக்குப் பாதியில் மூடிவைக்கத் தோன்றலாம்.

வேகம்: முன்னதில் பிணங்கள் குவியும், பெயர்கள் குழம்பும். பின்னது நிதானம்.

விறுவிறுப்புக்கு முன்னது. அரசியல் பேரம், நட்பின் விரிசல் பிடிக்குமென்றால் கிளாஸ் கீ. அதிகம் பேசப்படாவிட்டாலும் அதுவே ஒரு படி மேல்.