"வீட்டு வைஃபை செட்" என்று ஒன்றை விற்கிறார்கள், காசைக் கொடுத்துவிடாதீர்கள்

தருமபுரி, பென்னாகரம் பக்கம் கிராமத்தில் இருந்துகொண்டு ஆன்லைன் வேலைக்கோ பிள்ளைகள் படிப்புக்கோ நெட் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஏமாந்தது என் அப்பா. அவரிடம் விற்கப்பட்ட பொருள், வெறும் ஹாட்ஸ்பாட்.

எங்கள் ஊர் பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நான் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கஸ்டமர் சப்போர்ட் வேலை பார்க்கிறேன். தங்கை தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா ஒற்றை ஆளாகத் திண்டாடுவாள் என்று அலுவலகத்தில் கேட்டு, இரண்டு மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினேன். அப்பாவிடம் போனில் சொன்னபோது, "நெட்டு மட்டும் நல்லா இருந்தா போதும்ப்பா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதுதான் வினை.

மறுநாளே அப்பா புளி விற்ற காசை எடுத்துக்கொண்டு தருமபுரிக்கு பஸ் ஏறியிருக்கிறார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் கடை. பையனுக்கு வீட்டில் வைஃபை வேண்டும் என்று கேட்டதும் கடைக்காரர், "உங்க ஊருக்கெல்லாம் கேபிள் வராது பெரியப்பா" என்று சொல்லிவிட்டு ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்திருக்கிறார். பெட்டி மேல் "வீட்டு வைஃபை செட், அன்லிமிடெட் 5ஜி" என்று கம்ப்யூட்டரில் அடித்த ஸ்டிக்கர். உள்ளே ஒரு போன், ஒரு சார்ஜர், போனை நிறுத்தி வைக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டு. சிம்மையும் அவரே போட்டுக் கொடுத்தார். மொத்தம் 6,500 ரூபாய். "ஆறு மாசத்துக்கு நீங்க கைய வெக்கவே வேணாம். ஜன்னல்ல வெச்சு சார்ஜர சொருகி விட்டுடுங்க, ராப்பகலா ஓடும்."

நான் வந்து இறங்கியதும் பையைக்கூட வாங்காமல், "வைஃபை போட்டுட்டேன் கண்ணு" என்றுதான் அப்பா ஆரம்பித்தார். ஜன்னலைப் பார்த்த உடனேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? சூப்பர்ப்பா என்றேன்.

ஹாட்ஸ்பாட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போனில் உள்ள சிம், டவரிலிருந்து டேட்டா வாங்குகிறது. அதை அந்தப் போனே வைஃபையாக மாற்றிப் பக்கத்தில் உள்ள லேப்டாப்புக்கும் மற்ற போன்களுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் ஹாட்ஸ்பாட். எந்த ஸ்மார்ட்போனின் செட்டிங்ஸிலும் இது இருக்கும். இதற்கென்று தனிக் கருவி எதுவும் வேண்டாம். என் சட்டைப்பையில் இருந்த போனிலும் இருந்தது, அம்மா யூட்யூப் பார்க்கிற போனிலும் இருந்தது. வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்க, மூன்றாவதாக ஒன்றை அப்பா ஆறாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கி வந்திருந்தார்.

சரி, வாங்கியாச்சு, ஓடினால் போதும் என்று விட்டேன். முதல் நாள் காலை ஒன்பதரைக்கு டீம் கூட்டம். பத்தேமுக்கால் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் என் மேனேஜர் முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றது. ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தால் டவர் முழுசாக இருக்கிறது, நெட் மட்டும் நகரவில்லை. சிம் நிறுவனத்தின் ஆப்பை அந்தப் போனில் போட்டுத் திறந்து பார்த்தேன். ஆறு மாத பிளான் என்று சொன்னது 28 நாள் பிளான். அன்லிமிடெட் என்று சொன்னது நாளுக்கு ஒன்றரை ஜிபி. அதுவும் காலையிலேயே தீர்ந்துவிட்டது.

அந்த அன்லிமிடெட் 5ஜி கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் விழுவது அந்த வார்த்தையில்தான். 5ஜியை அளவில்லாமல் தருகிற சலுகை 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் தருகிற பிளான்களோடுதான் பொதுவாக வருகிறது. போன் 5ஜி போனாக இருக்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் 5ஜி சிக்னலும் இருக்க வேண்டும். சிக்னல் 4ஜிக்கு இறங்கினால் அந்த நேரத்தில் செலவாகும் டேட்டா அன்றாட அளவிலிருந்துதான் கழியும். அப்பாவுக்கு விற்ற பிளான் ஒன்றரை ஜிபி பிளான். எங்கள் ஊரில் 4ஜிதான் வருகிறது. இதையெல்லாம் விடுங்கள், அந்தப் போனே 4ஜி போன்! டவரையே வீட்டுத் திண்ணையில் நட்டு வைத்தாலும் அதில் 5ஜி வராது.

அன்றைய அளவு தீர்ந்தால் நெட் மொத்தமாக நின்றுவிடாது, 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கும். "வேகம் குறையும், நிக்காது" என்று கடைக்காரர் சொன்னது இதைத்தான். கணக்குப் போட்டால், ஒரு எம்பி அளவுள்ள ஒரே ஒரு போட்டோ வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதில் வீடியோ கால் பேச முடியாது, மெயில் திறக்கவே எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நள்ளிரவு பன்னிரண்டுக்குத்தான் புதுக் கணக்கு தொடங்கும். முதல் வாரம் முழுக்க, மறுநாள் வேலைக்கு வேண்டிய ஃபைல்களை இறக்க அலாரம் வைத்துப் பன்னிரண்டு மணிக்கு எழுந்தேன். தங்கையின் குழந்தையும் அதே நேரத்துக்கு எழுந்துவிடும். இரண்டு பேரும் முழித்துக்கொண்டு கிடப்போம்.

ஒரு கூட்டத்துக்கே ஒன்றரை ஜிபி தீருமா என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. ஹாட்ஸ்பாட்டில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் என் லேப்டாப்போடு இன்னும் நான்கு போன்கள். பாஸ்வேர்டு 12345678. வைஃபை பெயராகக் கடைக்காரர் தன் கடைப் பெயரையே வைத்திருந்தார், விளம்பரத்துக்கு விளம்பரம்! வெளியே வந்து பார்த்தேன். எதிர்வீட்டுத் திண்ணையில் நான்கு பையன்கள் வரிசையாகக் குனிந்து கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள். திருடர்கள் இல்லை, அப்பாவே கூப்பிட்டுப் பாஸ்வேர்டு சொல்லியிருக்கிறார். "நம்மகிட்டதான் அன்லிமிடெட் இருக்கே கண்ணு, புள்ளைங்க பாவம்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பையன்களிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றினேன். டேட்டா போவது ஒரு பக்கம். நம் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்து யாராவது வெளியில் ஒரு ஏமாற்று வேலை செய்தால் விசாரணை முதலில் வந்து நிற்பது சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான். சிம் அப்பா பெயரில் இருந்தது.

லேப்டாப் மேலும் தப்பு இருந்தது, அதை மறைக்கக் கூடாது. விண்டோஸுக்கு இது போன் நெட்டா, வீட்டு பிராட்பேண்டா என்ற வித்தியாசம் எப்போதும் தெரிவதில்லை. வைஃபை கிடைத்தது என்று அப்டேட்டை இழுக்கும், கிளவுடில் ஃபைல்களை ஏற்றும். வைஃபை செட்டிங்ஸில் அந்த இணைப்பை மீட்டர்டு (Metered, அதாவது டேட்டாவுக்கு அளவு உண்டு) என்று குறித்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். குறித்த பிறகு ஒரு கூட்டம் முடிந்தும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிறவர்கள் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

இத்தோடு போயிருந்தால் காசு நஷ்டம் என்று விட்டிருப்பேன், இந்தப் பதிவும் வந்திருக்காது.

பத்தொன்பதாம் நாள். சித்திரை வெயில். ஜன்னல் மேற்குப் பார்த்தது, மேலே தகரக் கூரை. அந்த ஜன்னலில்தான் டவர் நன்றாகக் கிடைக்கும் என்பதால் போன் ராப்பகலாக அங்கேயே சார்ஜில் கிடந்தது. மதியம் போன் ஸ்டாண்டிலிருந்து தானாகவே நழுவி விழுந்தது. எடுத்தால் கை சுட்டது. பின்மூடி ஒரு பக்கம் வாயைத் திறந்திருந்தது. உள்ளே பேட்டரி, எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பி நின்றது. அதற்கு நான்கடி தள்ளித்தான் தூளி தொங்கியது. குழந்தை அப்போது அதில் தூங்கிக்கொண்டிருந்தது.

தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நான் சார்ஜரைப் பிடுங்கினேன். அப்பா உடைந்த மண்சட்டி ஒன்றில் மணலை அள்ளிவந்தார். போனை அதில் கிடத்திக் கொல்லையில் கல் மேல் வைத்தோம். உப்பிய பேட்டரியை அமுக்கவோ குத்தவோ கூடாது, மறுபடி சார்ஜ் போடவே கூடாது. ஒருமுறை தீப்பிடித்தால் லித்தியம் பேட்டரியை அணைப்பது லேசில்லை.

ஏன் உப்பியது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. ஹாட்ஸ்பாட் ஓடும்போது போன் டவரோடும் பேசிக்கொண்டு வைஃபையையும் பரப்பிக்கொண்டு இருக்கும், அதனால் சூடாகும். அதோடு சார்ஜும் ஏறிக்கொண்டே இருந்தால் பேட்டரி எப்போதும் நூறிலேயே நிற்கும். முழுச் சார்ஜும் சூடும் நாள் கணக்கில் சேர்ந்தால் பேட்டரிக்குள் வேதிப்பொருள் சிதைந்து வாயு சேரும். அதுவும் அவர் விற்றது பழைய போன், ஏற்கெனவே யாரோ வருஷக்கணக்கில் தேய்த்த பேட்டரி. வீட்டு ரவுட்டர், அதாவது கேபிள் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தது, அதற்குள் பொதுவாகப் பேட்டரியே இருக்காது. போனை ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஹாட்ஸ்பாட் ஆக்கலாம், அதற்குத்தான் அந்த வசதியைக் கொடுத்திருக்கிறார்கள். அப்போதும் உறையைக் கழற்றிவிட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள். சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்துகிற வசதி உங்கள் போனில் இருந்தால் ஆன் செய்துவிடுங்கள்.

அந்தப் போனை பஸ்ஸில் எடுத்துப்போக மனம் வரவில்லை. போட்டோவும் வீடியோவும் எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் சிரித்தார்.

"ஹாட்ஸ்பாட்டு போட்டா சூடாகத்தான் சார் செய்யும். இருபத்திநாலு மணி நேரமும் சார்ஜ்ல போட்டா நாங்க என்ன பண்றது?"

"சார்ஜ்லயே போட்டு வைங்கன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் அப்பா.

"நான் எங்க பெரியப்பா சொன்னேன்?"

அப்பா அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை. பில்லை எடுத்து நீட்டினேன். துண்டுச் சீட்டில் "வைஃபை செட் 1, ரூ.6,500" என்று எழுதியிருந்தது. போன் மாடல் இல்லை, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் இல்லை, பழைய போன் என்ற வார்த்தையும் இல்லை. கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. அவர் அந்த ஸ்டாம்பைத்தான் விரலால் காட்டினார்.

அந்த ஸ்டாம்புக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கத் தேவையில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள்ளோ, காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள்ளோ திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படித்தான். எங்களுக்கு அன்று பத்தொன்பது நாள்கூட முழுசாக முடியவில்லை. இதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. பணம் மட்டும் வரவில்லை, "ஓனர் வரட்டும் பார்க்கலாம்" என்றார். அதுவரை ஓனர் போல் பேசியதும் அவர்தான்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். கூப்பிட்டுப் புகாரைப் பதிந்து எண் வாங்கினேன். பிறகு பில் நகல், போட்டோ, நடந்தது எல்லாவற்றையும் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, பணத்தைத் திருப்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று பதிவுத் தபாலில் கடைக்கு அனுப்பினேன். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் துண்டுச் சீட்டாவது கையில் இருக்க வேண்டும். அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துத் துவைக்காமல் காப்பாற்றியது எங்கள் அதிர்ஷ்டம்.

இன்னொன்று. சிம் வாங்கியபோது அப்பா கைரேகையை இரண்டு முறை வைத்தாராம், முதல் முறை சரியாக விழவில்லை என்று சொன்னார்களாம். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரில் இன்னொரு சிம்மை எடுத்து வெளியில் விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அப்பா எண்ணைப் போட்டு, அவர் பெயரில் எத்தனை இணைப்புகள் என்று பார்த்தேன். நல்லவேளை, பழையது ஒன்று, இது ஒன்று, இரண்டுதான். பழைய போன் வாங்குகிறவர்கள் *#06# போட்டு ஐஎம்இஐ எண்ணை எடுத்து, கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்தோடு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள். பெட்டியில் உள்ள எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள். எங்கள் பெட்டியில் எண்ணே இல்லை.

தபால் போன ஐந்தாம் நாள் கடையிலிருந்து அப்பாவுக்குப் போன். நான்காயிரம் தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். முழுசாக வாங்கலாம்ப்பா, கேஸ் போடலாம் என்று நான் குதித்தேன். "வந்த வரைக்கும் போதும் கண்ணு, அவன்கூட எதுக்கு வம்பு" என்று அப்பா முடித்துவிட்டார். அவர் காசு, அவர் முடிவு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மிச்ச நாட்களை என் சொந்தப் போனின் ஹாட்ஸ்பாட்டிலேயே ஓட்டினேன். பெரிய கூட்டம் இருக்கும் நாளில் மட்டும் பென்னாகரத்தில் நண்பன் வீட்டுக்குப் போய்விடுவேன். எங்கள் ஊருக்குக் கேபிள் வராது என்றாரே, அதுவும் பொய்தான். லோக்கல் கேபிள்காரரிடம் கேட்டதில், ஃபைபர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது, நாலைந்து வீடு சேர்ந்து கேட்டால் தெருவுக்குள் இழுத்துத் தருகிறேன் என்கிறார். எதிர்வீட்டுப் பையன்கள் இப்போது வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் ஒரு வேலையாகத் தருமபுரி போனபோது அந்தக் கடை வழியாக நடந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே ஸ்டிக்கரோடு இன்னொரு செட் இருந்தது. விலை இப்போது 5,999.